சேனை வைக்க வந்த கை

அன்பரசியைச் சென்ற வாரம் குளியலறைக் கதவுக்குப் பின்னால், குழாயைத் திறந்துவிட்டு அதன் இரைச்சலுக்குள் அழுதுகொண்டிருந்த நிலையில் விட்டு வந்தோம். எதற்காக அழுகிறாய் என்று யாராவது கேட்டிருந்தால் அவளால் பதில் சொல்லியிருக்க முடியாது. பெண் குழந்தை நலமாக இருந்தது. கணவன் புனிதன் குடிக்காதவன், கைநீட்டாதவன். மாமியார் நாகமணி கடலோரத்துச் சுங்கை செம்பிலாங்குக்கு ஆளனுப்பிப் பால்சுறா வாங்கிப் புட்டு செய்து கொடுத்து, பத்தியம் தவறாமல் பார்த்துக்கொண்டார். குறையென்று சொல்ல ஒன்றும் இல்லாத வீட்டில் ஒரு பெண் அழுதால், அந்த அழுகை அவளுக்கே விளங்குவதில்லை.

இன்று தீட்டுக் கழிக்கும் நாள். கோயில் பூசாரி வந்து தீர்த்தம் தெளித்துப் போனதும் குழந்தைக்கு நித்தியா என்று பெயர் சூட்டித் தொட்டிலில் இடுவார்கள். அதற்கு முன்னால் சேனை வைக்க வேண்டும்.

சேனை வைப்பது பெரிய காரியமில்லை. சர்க்கரை கரைத்த நீரை விரல் நுனியில் தொட்டுப் பிள்ளையின் நாவில் ஒரு துளி வைப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் யார் கையால் வைப்பது என்பதை நாகமணியின் குடும்பத்தில் மாப்பிள்ளை பார்ப்பதுபோல் யோசித்துத்தான் முடிவு செய்வார்கள். வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. புனிதனுக்கு வைத்தவர் அந்நாளைய கோயில் தலைவர். அதனால்தான் அவன் அதிர்ந்து பேசாதவனாக வளர்ந்தான் என்பார் நாகமணி. அவன் தங்கை விமலாவுக்கு வைத்த சித்தி ஊரறிந்த வாயாடி. அதன் பலனை இன்றுவரை அனுபவிக்கிறேன் என்றும் சொல்வார்.

வழக்கமாகப் பிறந்த அன்றே முடிந்துவிடும் இந்தச் சடங்கைப் பிரசவ இல்லத்தில் அனுமதிக்கவில்லை. தாய்ப்பால் தவிர ஒரு சொட்டும் கூடாது, வேண்டுமானால் தீட்டுக் கழிக்கும் நாளில் பெயருக்கு நாவில் தொட்டு வையுங்கள் என்று பிரேமலா மிஸ்ஸி கறாராகச் சொல்லிவிட்டார். அந்தக் கறார்தான் நாகமணியை மயக்கியது. பேத்திக்கு இந்தக் கைதான் என்று அங்கேயே தீர்மானித்துவிட்டார்.

மலேசியாவின் இந்தத் தோட்டப்புறத்தில் தாதியை மிஸ்ஸி என்றுதான் அழைப்பார்கள். பிரேமலா இதே தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய மண்டோரின் மகள். இங்கிருந்து போய் வெள்ளைச் சீருடை அணிந்த முதல் பெண். இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார். கம்போங் குவாந்தானில் சொந்த வீடு. சாலையோரத்துச் சிறிய பிரசவ இல்லம் ஒன்றில் தலைமைத் தாதி. டாக்டர் கடைசி நேரத்தில்தான் வருவார். மற்றதெல்லாம் மிஸ்ஸியின் ராஜ்ஜியம். தோட்டத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதல் போன் அவருக்குத்தான் போகும். அவரும் சலிக்காமல் எடுப்பார்.

முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். அன்பரசியின் தாய்வீடு ராசா என்ற ஊரில் இருக்கிறது. ஆனால் நம்முடைய மிஸ்ஸி இங்கே இருக்கும்போது முகம் தெரியாத இடத்துக்கு எதற்குப் போக வேண்டும் என்று நாகமணி கேட்டபோது, அன்பரசியின் தாய் அம்சவள்ளி நிம்மதியாகத் தலையாட்டிவிட்டார். தெரிந்தவர் இருக்கும் இடமே பாதுகாப்பான இடம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அன்பரசிக்கும் இருக்கவில்லை.

பிரசவ அறைக்குள் நடந்தவற்றை அவள் கோவையாக நினைத்துப் பார்க்க முயன்றபோதெல்லாம் அவை துண்டு துண்டாகவே வந்தன. ஒருக்களித்துப் படுக்கலாமா என்று கேட்டாள்; முழங்காலைப் பிடித்து அழுத்தினார்கள். கத்தினாள், தொடையில் சுளீரென்று விழுந்தது. மறுபடி கத்தினாள், மறுபடி விழுந்தது. "அப்ப இனிச்சுது, இப்ப கசக்குதா?" என்று மிஸ்ஸி கேட்டதும், கூட நின்ற இளம் தாதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததும் நினைவிருந்தன. இப்படிக் கத்தினால் நான் போய்விடுவேன், நீயே பார்த்துக்கொள் என்று சொன்னவர் உண்மையிலேயே போய்விட்டார். கதவு சாத்திக்கொண்டது. எவ்வளவு நேரம் தனியாகக் கிடந்தாள் என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. பின்னர் தையல் போட்டபோது, மரத்துப்போகவில்லை, ஊசி உறைக்கிறது என்றாள். பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் ஒரு வலியா என்ற பதில்தான் வந்தது.

இது ஒருபுறம். மறுபுறம், குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. நீலம் பாரித்து, சத்தமே இல்லாமல் வெளியே வந்த சிசுவை அதே கைகள்தாம் கண நேரமும் தடுமாறாமல் கொடியிலிருந்து விடுவித்துத் தேய்த்துத் தேய்த்து அழவைத்தன. பிறகு அவளுடைய முகத்தைத் துடைத்து, மைலோவை ஆற்றிக் குடிக்கக் கொடுத்தவையும் அவைதாம். கெட்டிக்காரி என்றுகூடச் சொன்னார் மிஸ்ஸி.

எதை எதில் கழிப்பது என்று அன்பரசிக்குத் தெரியவில்லை.

யாருக்கும் தெரியாத இரகசியமாக இருந்திருந்தால் ஒருநாள் மனம்விட்டுச் சொல்லி ஆறியிருக்கலாம். ஆனால் வீடு முழுக்க அது தெரியும். இரண்டு தட்டு தட்டிய பிறகுதான் உங்கள் மருமகள் வழிக்கு வந்தாள் என்று மிஸ்ஸியே வெளியே வந்து சிரித்துக்கொண்டு சொன்னார். பிள்ளை பார்க்க வந்தவர்களிடமெல்லாம் நாகமணி அதைச் சொல்லிச் சிரித்தார். கேட்டவர்களும் சிரித்தார்கள். தாங்கள் வாங்கிய தட்டுகளைப் பெருமையோடு நினைவுகூர்ந்த பெண்களும் உண்டு. அவர்கள் அதைத் தட்டு என்றார்கள். பல நாள் கன்றிப்போயிருந்த தொடைக்கு அந்தச் சொல் போதவில்லை. அடி என்று சொல்லவோ கூச்சமாக இருந்தது. அடி வாங்குகிறவள் ஏதோ தப்புச் செய்தவளாயிற்றே.

காலையில் புனிதன் நாற்காலிமேல் ஏறி, உத்தரத்துக் கொக்கியில் தொட்டில் ஸ்பிரிங்கை மாட்டிக்கொண்டிருந்தான். அன்பரசி குழந்தையைத் தோளில் சாய்த்தபடி அவனருகில் போய் நின்றாள். சேனையை வேறு யாராவது வைக்கட்டுமே என்றாள். அவன் ஸ்பிரிங்கை இழுத்துப் பார்த்துக்கொண்டே, ஏன், மிஸ்ஸிக்கு லீவு கிடைக்கவில்லையா என்று கேட்டான்.

"கெடச்சிருச்சு. எனக்குத்தான் மனசு வரல."

அவன் கீழே இறங்கினான்.

"அவங்க என்னைய அடிச்சாங்க."

"தெரியும்லா. அம்மாதான் சொல்லிச் சொல்லி…" சிரிக்கத் தொடங்கியவன் அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "அவங்க இல்லன்னா புள்ளயே இல்ல, அன்பு."

அது உண்மை, அதற்குமேல் பேசவிடாத உண்மை. அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பதும் உண்மை. அன்று அவளுடைய அலறலைக் கேட்கமுடியாமல், காதைப் பொத்திக்கொண்டு காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டதாக அவனே ஒருமுறை சொல்லியிருந்தான். அவன் கேட்காமல் தப்பித்துக்கொண்ட பகுதியை இப்போது எந்த இடத்திலிருந்து சொல்லத் தொடங்குவது?

புனிதன் குரலைத் தாழ்த்தி, விமலாவின் நிலையை யோசிக்கச் சொன்னான். ரவாங்கில் வாழ்க்கைப்பட்ட விமலா நிறைமாதமாகத் தாய்வீடு வந்திருந்தாள். இன்றோ நாளையோ என்ற நிலை. அவளையும் மிஸ்ஸியின் கையில்தான் ஒப்படைக்கப் போகிறார்கள். இந்த நேரத்தில் அவருடைய மனம் கோணக்கூடாது என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருப்பதுபோலவும், அந்த நியாயம் தன் கழுத்தை நெரிப்பதுபோலவும் ஒருங்கே தோன்ற, அன்பரசி உள்ளே போய்விட்டாள்.

ராசாவிலிருந்து அம்சவள்ளி சீர்த்தட்டுகளோடு வந்து சேர்ந்தார். மகளை அறைக்குள் உட்காரவைத்துத் தலைவாரிவிட்டார். அன்பரசி கணவனிடம் சொன்னதையே தாயிடமும் சொன்னாள். அம்சவள்ளி அதிர்ச்சியடையவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் உன்னைப் பெற்றபோது தாதி என்னையும் கன்னத்தில் அறைந்தாள் என்று, மழையில் நனைந்த கதையைச் சொல்வதுபோல் சொன்னார்.

"உங்களுக்கு வலிக்கலையாம்மா?"

சீப்பு நின்றது. "வலிச்சுதுதான்" என்றார் அம்சவள்ளி. "யாருகிட்ட சொல்றது? உங்கப்பா லோரி ஓட்டப் போயிட்டாரு. ஊட்டுக்கு வந்தா கறி ஆக்கணும், துணி தொவைக்கணும். அப்படியே போயிருச்சு." மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல், ஏற்கெனவே வாரிய இடத்தையே மறுபடியும் வாரினார்.

பிரேமலா மிஸ்ஸி வந்தபோது வீடே எழுந்து நின்றது. பச்சைப் பட்டுச் சேலையில், சீருடையில் பார்த்ததைவிட வயது குறைந்தவராகத் தெரிந்தார். குழந்தைக்கு வெள்ளி வளையல் கொண்டு வந்திருந்தார். உள்ளே வருவதற்குள் ஒருவர் தம்முடைய மாத்திரை அட்டையை நீட்ட, அதைப் படித்துப் பார்த்து, சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள் என்றார். நாற்காலியில் இருந்த விமலாவின் வீங்கிய கால்களைப் போகிற போக்கில் அழுத்திப் பார்த்து, உப்பைக் குறைத்துக்கொள் என்றார். எதிலும் பொய்யில்லை. அவருடைய அக்கறையைச் சந்தேகிக்க யாராலும் முடியாது.

"பசியாறிட்டியாம்மா? தையல் ஆறிருச்சா?" என்று கூடம் கேட்க அன்பரசியை விசாரித்தார். "கத்துன கத்துல அன்னிக்குக் கூரையே பிரிஞ்சிருக்கும்லா." பெண்கள் சிரித்தார்கள். அன்பரசியும் சிரித்தாள். அவளுடைய மனம் அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட நினைத்தது. கால்களோ அவளைக் கேளாமலே ஓரடி பின்னால் போயின.

பூசாரி தீர்த்தம் தெளித்து முடித்தார். நாகமணி வெள்ளிக் கிண்ணத்தில் சர்க்கரை நீரைக் கொண்டுவந்து பாயின் நடுவில் வைத்தார். மிஸ்ஸி சம்மணமிட்டு உட்கார்ந்து, எதிரே இருந்த அன்பரசியை நோக்கி இரு கைகளையும் நீட்டினார்.

"கொண்டாம்மா என் ராசாத்திய."

அன்பரசி அந்தக் கைகளைப் பார்த்தாள். ஒட்ட நறுக்கிய நகங்கள், சுத்தமான கைகள். கொடுத்துவிடலாம். ஒரு துளி சர்க்கரை நீர், ஒரு கணம். அதன்பின் எல்லோரும் சாப்பிடப் போய்விடுவார்கள். கொடுத்துவிட வேண்டும் என்றுதான் அவள் குழந்தையைத் தோளிலிருந்து எடுத்தாள். எடுத்தவள் மடியிலேயே கிடத்திக்கொண்டாள். கிண்ணத்தில் தன் விரலை நனைத்து, தானே குழந்தையின் நாவில் வைத்தாள்.

குழந்தை சப்புக்கொட்டியது.

பெற்றவளே சேனை வைத்து அந்தக் குடும்பத்தில் யாரும் கண்டதில்லை. என்ன காரியம் செய்கிறாய் என்று நாகமணி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். மிஸ்ஸிதான் முதலில் சமாளித்துச் சிரித்தார். "ஏம்மா, என் கை சுத்தமில்லையா?"

அன்பரசி நிமிர்ந்தாள். தயாரித்து வைத்த சொல் எதுவும் அவளிடம் இல்லை.

"எனக்கு வெளங்கல மிஸ்ஸி. இவளக் காப்பாத்துனது உங்க கைதான். என்னைய அடிச்சதும் அதே கைதான். ரெண்டுல எது இவளுக்கு வரும்னு எனக்குத் தெரியல. அதான்."

மிஸ்ஸியின் முகத்தில் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் அன்பரசிக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே நினைவில் தேடினார்.

"அடிச்சேனா?" என்றார். "தட்டிருப்பேன்லா. முக்காம அடம் புடிச்சா எல்லாருக்கும் தட்டுறதுதான். எனக்கு ஞாபகம் இல்லம்மா."

ஒருத்தி இத்தனை நாளும் இரவும் பகலும் சுமந்து திரிந்த ஒன்று, மற்றவரிடம் இருக்கவே இல்லை. ஒருவேளை நடக்கவே இல்லையோ என்று ஒரு கணம் அன்பரசி தன்னையே சந்தேகித்தாள்.

மிஸ்ஸி அம்சவள்ளியின் பக்கம் திரும்பினார். "ஏங்க, நீங்கதானே அவளக் கொண்டாந்து விட்டப்ப என் கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னீங்க? உங்க புள்ளையா நெனச்சுக்குங்க, அடிச்சாவது நல்லபடியா பெத்தெடுக்க வைங்கன்னு. அது மட்டும் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

எல்லோரும் அம்சவள்ளியைப் பார்த்தார்கள். அவர் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"மரியாதைக்குச் சொன்னேன் மிஸ்ஸி" என்றார். "அப்படித்தானே சொல்லுவாங்க."

அப்படித்தான் சொல்வார்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடும்போது, ரோத்தான் பிரம்பை எடுங்கள் வாத்தியாரே, கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கும்பிட்டுச் சொல்லாத பெற்றோர் இந்தத் தோட்டங்களில் குறைவு. பிள்ளையை முழுதாக உங்களை நம்பி விடுகிறேன் என்பதைச் சொல்ல அவர்கள் கற்று வைத்திருந்த உபசாரம் அது. அடிக்க வேண்டும் என்று எந்தத் தாயும் அதைச் சொல்வதில்லை. கேட்பவரும் அதை உபசாரமாகவே எடுத்துக்கொள்வார் என்று நம்பித்தான் சொல்கிறார்கள்.

அடித்தவருக்கு அடித்தது நினைவில்லை. அடிக்கச் சொன்னவர் அந்தப் பொருளில் சொல்லவில்லை. காதைப் பொத்திக்கொண்டவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இப்படி ஒவ்வொருவராக விலகிக்கொண்டால், விழுந்த அடிதான் யாருடையது? அன்பரசி மடியிலிருந்த முகத்தைக் குனிந்து பார்த்தாள். அதன் உதட்டோரத்தில் இன்னும் ஈரம் இருந்தது.

"அம்மா."

விமலா நாற்காலியின் கைப்பிடியை ஊன்றி எழுந்து நின்றாள். வாயாடி என்று பெயரெடுத்தவளின் குரல் மெல்லியதாக வந்தது. "என்னைப் பத்தியும் மிஸ்ஸிகிட்ட அப்படித்தான் சொல்லி வச்சிருக்கியா?"

நாகமணி கிண்ணத்தை எடுத்து, மறுபடியும் அதே இடத்தில் வைத்தார்.

பிரேமலா மிஸ்ஸி எழுந்தார். இத்தனை வருஷத்தில் ஒருவர்கூடத் தன்னை இப்படி உட்காரவைத்துக் கேட்டதில்லை என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். குரல் உடைந்தது. வெள்ளி வளையல்களைத் தொட்டிலுக்குள் வைத்துவிட்டு வாசலை நோக்கி நடந்தார். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் மிஸ்ஸி, அது சின்னப் பெண், தெரியாமல் பேசிவிட்டது என்று கெஞ்சிக்கொண்டே வாசல்வரை போன நாகமணி, திரும்பி வந்து மருமகளின் முன்னால் நின்றார். அவர் கண்களில் ஆத்திரத்தைவிட அச்சமே மிகுந்திருந்தது.

"நாளைக்கு என் மவளுக்கு வலி எடுத்தா நான் யாருகிட்ட போயி நிப்பேன்? நீ சொல்லு."

தன்னைக் காத்துக்கொள்ளப் போய் விமலாவை நடுத்தெருவில் நிறுத்திவிட்டோமோ என்ற எண்ணம் அன்பரசியைக் குத்தியது. செய்தது சரியா தவறா என்று கேட்டால் இப்போதும் அவளுக்குச் சொல்லத் தெரியாது. மறுபடியும் அந்தக் கைகள் நீண்டால் குழந்தையைக் கொடுக்கமாட்டாள் என்பது மட்டும் தெரிந்தது.

புனிதன் வந்து பாயில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கூட்டம் சாப்பாட்டுப் பந்தலை நோக்கிக் கலையும்வரை காத்திருந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டான்.

"ரொம்ப அடிச்சாங்களா?"

பிள்ளை பிறந்ததிலிருந்து யாரும் கேட்காத கேள்வி அது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "தெரியல. ஆனா தனியா விட்டுட்டுப் போனாங்கல்ல, அதுதான் போகமாட்டேங்குது." அவன் தலையைக் குனிந்துகொண்டான். காருக்குள் போய் உட்கார்ந்தது அவனுக்கும் அப்போது நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

வெளியே கார் கிளம்பும் ஓசை கேட்டது. அன்பரசி குழந்தையோடு எழுந்து ஜன்னலருகே போனாள். விமலா வயிற்றைத் தாங்கிக்கொண்டு, செருப்புகூட இல்லாமல், செம்மண் பாதையில் காரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். கார் நின்றது. கண்ணாடி இறங்கியது. விமலா குனிந்து பேசினாள். என்ன பேசினாள் என்பது எட்டவில்லை. அண்ணிக்காக மன்னிப்புக் கேட்கிறாளா, தனக்காக எதையாவது கேட்கிறாளா என்பதை அந்த முதுகை வைத்துச் சொல்ல முடியவில்லை. உள்ளே இருந்தவரின் தலை மெல்ல அசைந்தது. அது சரி என்ற அசைவா, முடியாது என்ற அசைவா என்பதும் தெரியவில்லை.

இஞ்சின் ஓசை அடங்கியது. மிஸ்ஸி கதவைத் திறந்து இறங்கினார். வீட்டுப் பக்கம் வராமல், காரில் சாய்ந்துகொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். விமலா நிமிர்ந்து, ஜன்னலை நோக்கிக் கையசைத்தாள்.

"அண்ணி, கொஞ்சம் வாங்க."

போகாதே என்றார் பின்னாலிருந்து நாகமணி. போய்விட்டு வா என்று அம்சவள்ளி அதே நொடியில் சொன்னார். புனிதன் இரு கைகளையும் நீட்டினான். அன்பரசி குழந்தையை அவனிடம் கொடுத்தாள்.

மன்னிப்புக் கேட்கப் போகிறோமா, மன்னிப்பைக் கேட்டு வாங்கப் போகிறோமா என்று அவளுக்கே தெரியாது. பிள்ளையோடு வீடு வந்த பிறகு அன்றுதான் முதன்முறையாக அவள் வாசற்படியைத் தாண்டினாள். வெயிலுக்குக் கண் கூசியது. இருவரும் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.